சபையைத் தெரிவுசெய்தல்: தமிழ்க் கிறித்தவ எழுத்துகளில் அதிகாரமும் விலகலும்

முன்னுரை

தமிழ்த்துறைகளில் கிறித்தவ இலக்கிய ஆய்வு ‘தொண்டு’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘கிறித்தவமும் தமிழும்’ 1936இல் வெளிவந்தது. அதற்குப் பின், அச்சு, அகராதி, இலக்கணம், உரைநடை எனத் துறைவாரியாக மிஷனரிமாரின் பங்களிப்பைத் தொகுத்துரைக்கும் மரபு வலுப்பெற்றது. அம்மரபு இல்லையேல் இன்று ஆய்வாளர் கையில் எடுக்கும் நூல்களுள் பல மறக்கப்பட்டிருக்கும். எனினும் அது எழுப்பாமல் விட்ட வினா ஒன்று உண்டு. ஞானஸ்நானம் பெற்ற ஒரு தமிழர் எந்தச் சபையில் அமர்வது, எவருடைய கையால் நற்கருணை பெறுவது, எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறுவது என்பவற்றை முடிவுசெய்தவர் யார்? அவரா, மிஷனரியா, ஆயரா, ஊரா?

இது திருச்சபைச் சட்டம் பயில்வோர்க்கு உரிய வினா என ஒதுக்கப்படுகிறது. அவ்வாறு ஒதுக்குவது முறையன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவர் எழுதிய விண்ணப்பங்கள், துண்டு நூல்கள், கீர்த்தனைகள், மறுப்புரைகள் ஆகியவற்றுள் கணிசமானவை ஒரு சபையில் நீடிப்பதா, விலகுவதா என்னும் நெருக்கடியில் பிறந்தவை. அந்நெருக்கடியை நீக்கிவிட்டு மொழிநடையை மட்டும் படித்தால் அவ்வெழுத்துகளின் பொருள் பாதியாகிவிடும். வடகலை, தென்கலைப் பூசல்களை விலக்கிவிட்டு வைணவ உரைகளைப் படிக்க இயலாது என்பதை நாம் ஏற்கிறோம். கிறித்தவ எழுத்துகளுக்கும் அதே நீதி பொருந்தும்.

இதனோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சபையைத் தெரிவுசெய்யும் உரிமை தமிழகத்தில் விடுதலைக்கும் பயன்பட்டது. சாதியைக் காக்கவும் பயன்பட்டது. மேலிருந்து வந்த திருச்சபை அதிகாரமும் அவ்வாறே இருபுறமும் வெட்டியது. ஆகவே விலகியோர் அனைவரையும் எதிர்ப்பாளராகவும், விலக மறுத்தோர் அனைவரையும் அடிபணிந்தோராகவும் எழுதும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

சொற்களில் உறையும் அதிகாரம்

கத்தோலிக்கர் தம் ஊர்த் திருச்சபை அலகைப் ‘பங்கு’ என்பர்; அதன் பொறுப்பாளர் ‘பங்குத்தந்தை’. தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலி வட்டாரத்தில் அது ‘சேகரம்’. பொறுப்பாளர் ‘சேகர குரு’. லுத்தரன் திருச்சபையினர் ‘குருசேகரம்’ என்பர். பெந்தெகொஸ்தே மரபினர்க்கு அது பெரும்பாலும் ‘சபை’தான், பொறுப்பாளர் ‘பாஸ்டர்’.

இச்சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. பங்கு என்பது பிரித்து ஒதுக்கப்பட்டது. பெறுபவர் அதன் எல்லையை வகுப்பதில்லை. சேகரம் என்பது திரட்டப்பட்டது. திரட்டிய கை ஒன்று உண்டு என்பதை அச்சொல்லே காட்டுகிறது. சபை என்பது கூடுவோரைக் குறிப்பது. கூடுவோர் இன்றி அது இல்லை. இப்பொருள்கள் நடைமுறையோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. உறுப்பினர் வாக்களித்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் சேகரங்கள் உள்ளன. பாஸ்டர் ஒருவரே எல்லாவற்றையும் முடிவுசெய்யும் சபைகளும் உள்ளன. பெயருக்கும் நடைமுறைக்கும் இடையிலான இவ்விடைவெளியே ஆய்வுக்குரியது.

கடவுளைச் சுட்டும் சொல்லும் இத்தகையதே. பப்ரிசியஸ் வழிவந்த விவிலியத் தமிழ் ‘பராபரன்’ என்றது. பவர் தலைமையில் உருவாகி 1871இல் நிறைவெய்திய திருத்தப்பதிப்பு ‘தேவன்’ என்றது. கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘சர்வேசுரன்’ என்றனர். லுத்தரன் சபைகள் புதிய பதிப்பு வந்த பின்னும் பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பை விடாது போற்றின. ஒரு குடும்பம் சபை மாறியபோது அக்குடும்பத்துக் குழந்தை மனப்பாடம் செய்யும் தமிழும் மாறியது. சபைத் தெரிவு தமிழாய்வின் எல்லைக்குள் வருவதற்கு இவ்வொரு சான்றே போதுமானது.

தஞ்சை: ஒரே மனுவில் நான்கு முறையீடுகள்

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஸ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் ஆசிரியர். தஞ்சைச் சபையில் அவர் வளர்ந்த காலத்தில் மிஷனரிமார் பெரும்பாலும் ஜெர்மானிய லுத்தரன்கள். அவர்களைப் பேணியது ஓர் ஆங்கிலச் சங்கம். 1820களில் நிருவாகம் கைமாறியது, புதிய தலைமுறை மிஷனரிமார் வந்தனர், ஒழுங்குகள் மாறின. அம்மாற்றங்களைச் சாஸ்திரியாரும் அவர் சார்ந்தோரும் எதிர்த்தனர். 1829ஐ ஒட்டி எழுந்த அவர்களின் எழுத்துகளில் நான்கு முறையீடுகள் முதன்மை பெறுகின்றன. விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தியது, சபையில் சாதிகளைக் கலந்து அமரச் செய்தது, விழாக்களில் மலர்களை விலக்கியது, தமிழ் இசையைத் தடுத்தது என்பனவே அவை. இவற்றை டென்னிஸ் ஹட்சன் தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இம்முறையீடுகளை நம் துறை எவ்வாறு படிக்கிறது? இசையையும் மலரையும் மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொண்டு, சாஸ்திரியாரைத் தமிழ்ப் பண்பாட்டின் காவலராகப் போற்றுகிறோம். சமூக வரலாறு எழுதுவோர் இரண்டாம் முறையீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரைச் சாதியின் வழக்கறிஞராகக் காட்டுகின்றனர். இரு தரப்பினரும் ஒரே மனுவைக் கிழித்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டனர். அவரோ நான்கையும் ஒரே நியாயத்தின் மீது நிறுத்தினார்: முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கத்தை நேற்று வந்த குரு மாற்ற இயலாது என்பதே அந்நியாயம். மலருக்காகப் பேசும் அதே வழக்கம் சாதிக்காகவும் பேசியது. இதை எதிர்கொள்ளாமல் அவருடைய கீர்த்தனைகளின் சமய உணர்வை மட்டும் வியப்பது முழுமையான ஆய்வாகாது.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கைவிடப்பட வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். அது வேப்பேரியிலும் தஞ்சையிலும் படிக்கப்பட்டபோது உயர்சாதியினராகத் தம்மைக் கருதியோர் பெருந்தொகையாக வெளியேறினர். 1840களில், பின்னாளில் லைப்சிக் மிஷன் எனப் பெயர்பெற்ற லுத்தரன் அமைப்பு தமிழகத்தில் பணி தொடங்கியது. சாதி குறித்து அது கடைப்பிடித்த மென்மையான நிலை, விலகியோர் பலரை அதன்பால் ஈர்த்தது. இதனால் ஆங்கிலிக்கன் மிஷனரிமார்க்கும் லுத்தரன் மிஷனரிமார்க்கும் இடையே பூசல் மூண்டது. நீண்ட சமய விளக்கங்கள் எழுதப்பட்டன. ஆனால் பலருடைய தெரிவுக்கு அடிப்படையாக இருந்த வினா எளியது: நற்கருணைக் கிண்ணத்தை எனக்கு முன்னால் தொட்டவர் யார்?

பாளையங்கோட்டை: அதிகாரம் அருகில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை

சாஸ்திரியார் எதிர்த்த விவிலியத் திருத்தத்தைச் செய்தவர் இரேனியஸ். அதே இரேனியஸ் திருநெல்வேலியில் அதிகாரத்தால் விலக்கப்பட்டவராக நிற்கிறார். ஒருவரே ஓர் ஊரில் மாற்றத்தைத் திணிப்பவராகவும் மற்றோர் ஊரில் ஒழுங்கை மீறுபவராகவும் காணப்படுவது, ‘அதிகாரம்’, ‘எதிர்ப்பு’ என்பன மனிதர்க்கு நிலையாக ஒட்டப்படும் பெயர்கள் அல்ல என்பதை உணர்த்துகிறது.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். அவரை அனுப்பியதோ ஆங்கிலிக்கன் சார்புடைய சி.எம்.எஸ். சங்கம். சபைகள் பெருகியபோது தமிழ் உபதேசியார்க்குக் குருப்பட்டம் அளிக்க வேண்டிய தேவை எழுந்தது. ஆயர் கை வைத்தாலன்றி அப்பட்டம் செல்லாது என்றது சங்கம். மூத்த குருமார் அளித்தால் போதும் என்றார் இரேனியஸ். ஆங்கிலிக்கன் ஒழுங்கைக் குறைகூறி அவர் எழுதிய நூல் மதிப்புரையும் சேர்ந்துகொள்ள, 1835இல் சங்கம் அவருடனான உறவை முறித்தது. அவர் ஆர்க்காடு சென்றார். உபதேசியார் பலரும் சபைகள் பலவும் அழைத்ததால் அவ்வாண்டிலேயே திரும்பிவந்து தனி மிஷன் நடத்தினார். 1838இல் அவர் மறைந்தபின் அச்சபைகள் பெரும்பாலும் மீண்டும் சி.எம்.எஸ். ஒழுங்குக்குள் வந்தன.

இந்நிகழ்வு இரேனியஸின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் இயலாகவே எழுதப்பட்டுவருகிறது. அவரை அழைத்த உபதேசியாரின் கோணத்திலிருந்து பார்த்தால் அது வேறு கதையாகிறது. கிராமச் சபையில் நாள்தோறும் செபம் நடத்தியவர் உபதேசியார். பிணியாளரைக் கண்டவரும் அடக்கம் செய்தவரும் அவரே. ஆனால் நற்கருணை அளிக்க அவருக்கு உரிமை இல்லை. தொலைவிலிருந்து குரு வரும்வரை சபை காத்திருந்தது. பட்டம் யார் அளிப்பது என்னும் வினா அவர்க்கு, தம் ஊர்ச் சபை எந்த நாளில் முழுமையான சபையாகும் என்னும் வினாவாக இருந்திருக்க வேண்டும்.

விலகாதோரின் தெரிவையும் இங்கே மறத்தல் கூடாது. 1830இல் ஆயரின் கையால் பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் ஐயர் பிளவின்போது ஆங்கிலிக்கன் ஒழுங்கிலேயே நின்றார். தமிழர் ஒருவரைக் குருவாக ஏற்ற ஒழுங்கு அது. அதில் நின்று அதை விரிவாக்குவதும் ஒரு தெரிவுதான். நம் எழுத்துகளில் விலகியோர் நாயகர்களாகவும் நின்றோர் பின்னணியாகவும் ஆகிவிடுகின்றனர்.

நாசரேத்து: மதிப்பிழப்புக்கு எதிரான விலகல்

கால்டுவெல் 1849இல் சாணார் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் அச்சமூகத்தாரை ஆழமாகப் புண்படுத்தியது. மொழியியலில் அவர் பெற்ற பெருமையை நினைவுகூரும் நம் மேடைகள் இந்நூலை அரிதாகவே குறிப்பிடுகின்றன. நாசரேத்தில் உபதேசியாராகப் பணியாற்றி மிஷனரியோடு முரண்பட்ட அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை, 1857இல் தனிச்சபை கண்டார். இந்துக் கிறித்தவ சபை என அறியப்பட்ட அது ஐரோப்பியக் குருமாரின் ஆளுகையை ஏற்கவில்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. வழிபாட்டில் தூபம் காட்டியது. தரையில் அமர்ந்து தொழுதது. இவ்வழக்கங்களுக்கு எபிரேய வேதத்தையே ஆதாரமாகக் காட்டியது.

தஞ்சையோரும் நாசரேத்தோரும் விலகினர். இருவரும் ‘நம் வழக்கம்’ என்றனர். ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. தஞ்சையில் விலகியோர் பிறரோடு சமமாக அமர்த்தப்படுவதை மறுத்தனர். நாசரேத்தில் விலகியோர் தம்மைத் தாழ்த்தி எழுதியவரின் ஆளுகையை மறுத்தனர். சட்டம்பிள்ளை வாதத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. வழக்கம் என்பதால் மட்டும் வழக்கத்தைக் காக்க அவர் முனையவில்லை. மிஷனரி எந்த நூலைத் தம் அதிகாரத்திற்கு மூலமாகக் காட்டினாரோ அந்நூலைக் கொண்டே மிஷனரியை விசாரித்தார். விவிலியத்திற்குப் பொருள் சொல்லும் உரிமையையே கோரினார்.

இச்சபையும் ஒரு சமூகத்தாரை மையமாகக் கொண்டே நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடக்குவோரிடமிருந்து விடுபட்ட இடத்தில் பிறர்க்கும் இடம் கிடைத்ததா என்னும் வினா அதற்கும் உண்டு.

வடக்கன்குளமும் எறையூரும்: விலக இயலாத இடம்

கத்தோலிக்க ஒழுங்கில் பங்கு, பொதுவிதியாக, நிலப்பரப்பைப் பொறுத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்கை நிறுவவும் கலைக்கவும் மாற்றவும் ஆயருக்கே உரிமை தருகிறது. ஆகவே நம்பிக்கையாளர் பங்கைத் தெரிவுசெய்வதில்லை. அவர் குடியிருக்கும் தெரு அதைத் தெரிவுசெய்துவிடுகிறது.

இவ்வொழுங்கில் ஓர் அறம் உண்டு. விரும்பியவரோடு மட்டும் அமர்வேன் என்பதற்கு அது இடம் தருவதில்லை. ஆனால் ஊரே சாதியால் பிளந்திருக்கும்போது, ஒரே பங்கு ஒரே கூரையின்கீழ் இரண்டு ஊராகிவிடுகிறது. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1872இல் இரு கூடங்கள் ஒரு பலிபீடத்தை நோக்கிச் சேரும் வடிவில் எழுந்தது. வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமர்வதற்காகவே அவ்வமைப்பு. 1910ஐ ஒட்டித் தடுப்புச் சுவர் அகற்றப்பட்டது. தனி இடத்திற்கு உரிமை கோரி வேளாளர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. மேலிருந்து வந்த அதிகாரம் இங்கே சமத்துவத்தின் பக்கம் நின்றது. முன்னர்ச் சுவரை ஏற்றுக்கொண்டதும் அதே அதிகாரம்தான்.

எறையூர் இதற்கு மறுதலை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அவ்வூரில், பாகுபாட்டுக்கு உள்ளான தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப் பங்கு வேண்டினர். 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர். தஞ்சையில் பிரிவினையைக் கோரியவர் மேல்நிலையில் இருந்தோர். இங்கே பிரிவைக் கோரியவர் ஒதுக்கப்பட்டோர். ‘சபையின் ஒருமை’ என்னும் சொல் தஞ்சையில் சமத்துவத்தைக் குறித்தது. எறையூரில் அதே சொல் பாகுபாட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரையாகக் கேட்டது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது தமிழ்த்துறைகள் அதைத் தன்வரலாறாகவும் தலித் இலக்கியமாகவும் வட்டார வழக்கின் ஆவணமாகவும் படித்தன. கன்னியர் மடத்திற்குள் சென்று வெளியேறிய ஒருவர் திருச்சபை அதிகாரம் குறித்து எழுதிய நூலாகவும் அதைப் படிக்க வேண்டும். மடத்தை விட்டு வெளியேறுதல் விசுவாசத்தை விட்டு வெளியேறுதல் ஆகுமா என்பது அந்நூலின் உயிர்நாடியான வினாக்களுள் ஒன்று.

இன்றைய தெரிவு

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆயராட்சி, மூப்பராட்சி, சபையாட்சி என்னும் மூன்று மரபுகள் ஓர் ஒழுங்கில் சேர்ந்தன. அதற்கான வித்து 1919இல் தரங்கம்பாடியில் கூடியோர் வெளியிட்ட அறிக்கை. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியக் குருமார், முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா. ஆயர் வேண்டும், ஆனால் அவர் விதிகளுக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பினர்க்கும் குரல் வேண்டும் என்பதே அவ்விணைப்பின் சாரம். 1835இல் பாளையங்கோட்டையைப் பிளந்த வினாவுக்கு நூறாண்டு கழிந்து கிடைத்த விடை எனவும் இதைக் கொள்ளலாம்.

ஆனால் இன்று தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ குடிபெயரும் ஒரு குடும்பத்தின் தெரிவு இவ்விணைப்பு எதிர்நோக்காத ஒன்று. நடந்துசெல்லும் தொலைவில் பல சபைகள். ஒன்றில் முன்னோர் பாடிய கீர்த்தனை. ஒன்றில் கிதாரும் கைத்தட்டலும். ஒன்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றால்தான் உறுப்புரிமை. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் சபைகளோ மறு ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. ஆதலால் அத்தண்ணீரில் இறங்குவது பழைய சபையின் கதவைச் சாத்துவதாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே பலர் இரட்டை வாழ்க்கை வாழ்கின்றனர். ஞாயிறு மாலை புதிய சபை. ஊர்ச் சபைக்குச் சந்தா. திருமண ஓலை வாசிக்கவும் கல்லறையில் ஆறடி இடம் பெறவும் ஊர்ச் சபையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். நம்பிக்கை ஓரிடத்திலும் உறவு ஓரிடத்திலுமாகப் பிரிந்திருக்கும் இந்நிலையைக் கபடம் எனப் பழிப்பதில் பயனில்லை. ஒரு தமிழ்க் கிறித்தவர்க்குச் சபை என்பது உபதேசம் கேட்கும் இடம் மட்டும் அன்று. மணமும் மரணமும் நிகழும் இடமும் அதுவே என்பதற்கு அது சான்று.

அளவுகோல் எது?

மனச்சான்றின்படி ஒவ்வொருவரும் தெரிவுசெய்யட்டும் என்பது கேட்க இனியது. ஆனால் 1834இல் வெளியேறியோரும் மனச்சான்றின் பெயராலேயே வெளியேறியிருக்கலாம். ஒழுங்குக்குக் கீழ்ப்படிக என்பதும் போதாது. வடக்கன்குளத்தின் சுவர் ஓர் ஒழுங்கின்கீழ்தான் எழுந்தது. ஆகவே ஒரு சபைத் தெரிவை மதிப்பிட இரண்டு வினாக்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, இத்தெரிவினால் என் பந்தியிலிருந்து அகல்பவர் யார்? நான் விரும்பாத அயலாரிடமிருந்து தப்புவதற்காக ஒரு சபையை நாடினால், அங்கே எத்தனை உயர்ந்த உபதேசம் நிகழ்ந்தாலும் அத்தெரிவு ஐயத்திற்குரியது. தஞ்சையின் விலகல் இவ்வினாவில் தோற்கிறது. எறையூரின் கோரிக்கை தோற்பதில்லை. அங்கே கோரியவர்கள் ஏற்கெனவே பந்தியின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டவர்கள்.

இரண்டாவது, நான் சேரும் இடத்தில் அதிகாரம் உடையவரை யார் கேள்வி கேட்கலாம்? ஆயர் தவறினால் மன்றம் உண்டா? பாஸ்டர் தவறினால் மூப்பர் உண்டா? காணிக்கைக் கணக்கைச் சபையார் பார்க்கலாமா? ஒழுங்கு என்பது உறுப்பினரைக் கட்டுவது போலவே தலைவரையும் கட்ட வேண்டும். தொலைவிலுள்ள ஆயரின் ஆளுகையிலிருந்து விடுபட்டு, எவராலும் கேட்க இயலாத ஒருவரின் ஆளுகைக்குள் செல்வது விடுதலை ஆகாது. பெரிய திருச்சபைகளும் இவ்வினாவுக்கு விலக்கல்ல. விதிநூலில் மன்றம் இருப்பதும் எளியவரின் முறையீடு அம்மன்றத்தை எட்டுவதும் வேறுவேறு.

பாளையங்கோட்டைச் சபைகள் முதல் வினாவில் தேறுகின்றன. தம் விடுதிப் பள்ளியில் எல்லாச் சாதி மாணவரும் ஒன்றாக உண்ண வேண்டும் என வலியுறுத்தியவரை அவை அழைத்தன. இரண்டாம் வினாவில் அவை தடுமாறின. ஒருவரின் ஆளுமையை நம்பி நின்ற ஒழுங்கு அவர் மறைந்ததும் நிலைக்கவில்லை. நாசரேத்து இரண்டிலும் பாதி வெற்றி பெற்றது எனலாம். இம்மதிப்பீடுகளோடு உடன்படாதோர் இருப்பர்; ஆனால் மாறுபடுவதற்கேனும் அவ்வெழுத்துகளை இவ்வினாக்களோடு படிக்க வேண்டியிருக்கும்.

முடிவுரை

தமிழ்த்துறை இதில் செய்யத்தக்கது என்ன? சாஸ்திரியார் தரப்புக் கையெழுத்துகள் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகத்தில் உள்ளன. ஹாலேயில் தரங்கம்பாடி மிஷன் ஆவணங்கள் உள்ளன. இவற்றோடு ஒவ்வொரு பழைய சேகரத்திலும் பங்கிலும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உள்ளன. ‘வேறு சபைக்குப் போனார்’, ‘திரும்பச் சேர்க்கப்பட்டார்’ என்பன போன்ற ஒருவரிக் குறிப்புகளைத் தேடிப் படிக்கத் தமிழறிவு வேண்டும். பழைய கையெழுத்தைப் பிரித்தறியும் பயிற்சி வேண்டும். வட்டார வழக்கும் உறவுமுறைச் சொற்களும் தெரிய வேண்டும். இவை நம் துறையின் கருவிகள். வரலாற்றுத் துறையோ இறையியல் கல்லூரியோ இவ்வேலையைத் தனித்துச் செய்து முடிக்க இயலாது.

இப்பதிவேடுகளுள் பல ஈரத்திற்கும் கரையானுக்கும் இரையாகிவருகின்றன. முனைவர் பட்டத்திற்குக் கிறித்தவ இலக்கியத்தைத் தெரிவுசெய்வோர் நூலகத்திலுள்ள அச்சு நூலோடு நின்றுவிடாது, ஒரு சேகரத்தின் பதிவேட்டையேனும் முழுமையாகப் படியெடுத்துத் தம் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தருவதை நெறியாளர்கள் வழக்கமாக்கலாம். உறுப்பினரின் தனிவாழ்வைக் காக்கும் பொருட்டு அண்மைக் காலப் பெயர்களை மறைத்து வெளியிடும் ஏற்பாடும் வேண்டும். சேகர குருவும் பங்குத்தந்தையும் இதற்கு இசைய வேண்டும் என்பதால் அதிகாரம் குறித்த வினா ஆய்வாளரின் முன்னும் வந்து நிற்கும். பூட்டிய பெட்டியின் சாவியை யார் வைத்திருக்கிறார், எந்தக் காரணம் சொல்லி அதைத் தரவோ மறுக்கவோ செய்கிறார் என்பதையும் ஆய்வேட்டில் பதிவுசெய்யலாம்.